சுக்குவோட ரத்தம் சொன்ன கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கெடாமல், படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு வாக்கிங் போறவங்க, மெட்ரோல நின்னுக்கிட்டே கேக்குறவங்க, பாத்திரம் கழுவிக்கிட்டு கேக்குறவங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?

இந்த எபிசோட்ல பின்னாடி ஒரு குறட்டைச் சத்தம் கேக்கும். எடிட்ல எடுக்கலாம்னு பாத்தேன், அப்புறம் விட்டுட்டேன். ஏன்னா இன்னிக்குக் கதையே அந்தக் குறட்டை விடுறவனைப் பத்தினதுதான். பேர் சுக்கு. நிறம் அப்படியே காய்ஞ்ச சுக்கு மாதிரி இருந்ததால வெச்ச பேரு. ஹவுண்ட் கலப்பு, இப்போ ஏழு வயசு இருக்கும். ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம், 2022 ஜூன்ல, ஒரு ஷெல்டர்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்.

நெறைய பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க: "போன வருஷம் நடுவுல ஏன் மூணு மாசம் எபிசோடே வரல?" அதுக்கான பதிலும் இதுலயே இருக்கு.

'நெகட்டிவ்'னு எழுதியிருந்த பேப்பர்

ஷெல்டர்ல இருந்து வரும்போது ஒரு ஃபைல் குடுத்தாங்க. அதுல 'ஹார்ட்வார்ம் டெஸ்ட்: நெகட்டிவ்'னு இருந்துச்சு. கூடவே ஒரு வரி: ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் பண்ணவும். நான் மேல இருந்த வரியைப் படிச்சேன், கீழ இருந்ததைப் படிக்கல. டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுன்னா டிக்கெட்டை மூடிட்டு அடுத்த வேலைக்குப் போற புத்தி.

ஹார்ட்வார்ம்னா என்ன? இதயப் புழு. டைரோஃபைலேரியா இமிட்டிஸ்னு பேரு. கொசு கடிச்சுதான் வரும். நாய்க்கு நாய் நேரா ஒட்டாது. நோய் இருக்குற நாயோட ரத்தத்துல இந்தப் புழுவோட குஞ்சுகள், அதாவது மைக்ரோஃபைலேரியா, நீந்திக்கிட்டு இருக்கும். கொசு அதை உறிஞ்சும். கொசுவுக்குள்ள வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்குள்ள அது அடுத்தவனுக்குத் தொத்துற நிலைக்கு வளந்துடும். அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிச்சா, புழு தோல் வழியா உள்ள போய், மாசக்கணக்கா ஊர்ந்து, கடைசியில நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல குடியேறும். ரொம்பப் பெருகிடுச்சுன்னா இதயத்தோட வலது பக்கத்துக்கும் வரும். வளந்த பெண் புழு 25-ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளம். நம்ம ஸ்கூல் ஸ்கேல் அளவு! அதுவும் நாயோட உடம்புல அஞ்சுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும்.

நான் கும்பகோணத்துக்காரன். எங்க பாட்டி ஒரு கதை சொல்லும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல சுகாதாரத் துறை ஆளுங்க லாந்தரும் கண்ணாடித் தகடுமா வீடு வீடா வந்து, தூங்குறவங்களை எழுப்பி விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்களாம். யானைக்கால் புழுவைக் கண்டுபிடிக்க. அதோட குஞ்சுகள் பகல்ல நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கிட்டு, கொசு கடிக்குற ராத்திரி நேரத்துலதான் மேலோட்டமான ரத்தத்துக்கு வரும். அந்த யானைக்கால் புழுவுக்கும் இந்த இதயப் புழுவுக்கும் சொந்தம். ரெண்டும் ஒரே ஃபைலேரியா வகையறா. பாட்டி சொன்ன கதை ஹூஸ்டன்ல என் வீட்டுக்குள்ள வந்து நிக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

இருமல்

2023 ஏப்ரல் கடைசி. சாயங்காலம் பந்து தூக்கிப் போட்டா நாலு தடவை ஓடிட்டு, அஞ்சாவது தடவை உக்காந்துடுவான். வெயில்னு நினைச்சேன். அப்புறம் இருமல். தொண்டைல ஏதோ சிக்கின மாதிரி வறட்டு இருமல். ரூம்மேட்தான் சொன்னான், "மச்சி, இது ஏசி குளிர் இல்லடா. டாக்டர்ட்ட காட்டு."

மே மாசம் காட்டினோம். டாக்டரம்மா மூணு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு கிட்ல விட்டாங்க. கர்ப்ப டெஸ்ட் மாதிரி ஒரு கோடு வந்துச்சு. ஆன்டிஜென் பாசிட்டிவ். அடுத்து ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்ல வெச்சு, "வா, நீயே பாரு"ன்னாங்க. சிவப்பணுக்களுக்கு நடுவுல கண்ணாடி நூல் மாதிரி ஒண்ணு துடிச்சுத் துடிச்சு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியல.

நான் கேட்ட முதல் கேள்வி: "ஷெல்டர்ல நெகட்டிவ்னு இருந்துச்சே, பொய்யா?"

பொய் இல்ல. இங்கதான் இன்னிக்கு எபிசோடோட மையமான விஷயம் இருக்கு. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாமதான் அதுக்கிட்ட கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குறோம்.

ஆன்டிஜென் டெஸ்ட் தேடுறது வளந்த பெண் புழு வெளியிடுற ஒரு புரதத்தை. கொசு கடிச்சு அந்தப் புழு வளர ஆறு, ஏழு மாசம் ஆகும். அதுவரைக்கும் உடம்புக்குள்ள புழு ஊர்ந்துக்கிட்டு இருந்தாலும் டெஸ்ட் நெகட்டிவ்தான். ஆண் புழு மட்டும் இருந்தாலும் நெகட்டிவ். ஒண்ணு ரெண்டு பெண் புழு மட்டும் இருந்தாலும் தப்பிச்சுடலாம். இன்னொரு வினோதமும் உண்டு. சில நாய்கள்ல உடம்போட எதிர்ப்புச் சக்தி அந்தப் புரதத்தைப் பிடிச்சு மூடி வெச்சுடும். கிட்டுக்குக் கண்ணு தெரியாது. அப்படிச் சந்தேகம் இருந்தா லேப்ல ரத்தத்தோட சீரத்தைக் கொஞ்ச நேரம் 100 டிகிரிக்கு மேல சூடு பண்ணி, அந்தப் பிடியை உடைச்சுட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க.

மைக்ரோஃபைலேரியா டெஸ்ட் கேக்குறது வேற கேள்வி: ரத்தத்துல குஞ்சுகள் இருக்கா? சும்மா ஒரு சொட்டுல பாத்தா தவறிப்போகும். அதனால நாட் டெஸ்ட்னு ஒண்ணு. ஒரு மில்லி ரத்தத்தை ஒன்பது மில்லி ஃபார்மலின் கரைசல்ல கலந்து, சுத்தி, அடியில தங்குறதுக்குச் சாயம் ஏத்திப் பாக்குறது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. குஞ்சு நெறைய இருந்தா பெரிய புழு நெறைய இருக்குன்னு அர்த்தம் இல்ல. குஞ்சே இல்லன்னா பெரிய புழு இல்லன்னும் அர்த்தம் இல்ல.

நான் விட்ட ரெண்டு மாத்திரை

மாசம் ஒரு தடுப்பு மாத்திரை குடுக்கணும். ஐவர்மெக்டின் வகை மருந்து. இதோட மூலப்பொருளைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2015-ல சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் நோபல் கிடைச்சது. இந்த மாத்திரை வரப்போற கொசுவைத் தடுக்காது. போன மாசம் உள்ள வந்த குட்டிப் புழுவைக் கொல்லும். அதாவது பின்னோக்கி வேலை செய்யும். ஒரு மாசம் தவறிடுச்சுன்னா அந்த இடைவெளில வந்த புழு வளந்து, மாத்திரைக்கு அடங்காத வயசுக்குப் போயிடும்.

2022 ஆகஸ்ட், செப்டம்பர். எனக்கு ஒரு பெரிய ரிலீஸ். ரெண்டு மாசம் மாத்திரை குடுக்க மறந்துட்டேன். அலாரம் வெச்சிருந்தேன், ஸ்வைப் பண்ணித் தள்ளிட்டேன். ஹூஸ்டன்ல கொசுவுக்கு லீவே கிடையாது.

டாக்டரம்மாகிட்ட கேட்டேன்: "இது எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இருந்ததா, இல்ல அந்த ரெண்டு மாசத்துலயா?" அவங்க எக்ஸ்ரேவைப் பாத்தாங்க. ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு, எந்த டெஸ்ட்டும் தேதி சொல்லாதுன்னாங்க. இதைக் கேட்டு நிம்மதியாகணுமா, வேண்டாமான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல.

2021-ல நாம எல்லாரும் கத்துக்கிட்ட வார்த்தைகள்

புழு இருக்குன்னு தெரிஞ்சாச்சு. அடுத்த கேள்வி: அது எவ்வளவு சேதம் பண்ணியிருக்கு? ஆன்டிஜென் கோடு இதைச் சொல்லாது. இதுக்கு எக்ஸ்ரே, எக்கோ ரெண்டும்தான் அடித்தளம். அதோட சில ரத்த மார்க்கர்களும் எடுத்தாங்க. பேரைக் கேட்டா உங்களுக்கே பரிச்சயமா இருக்கும்.

முதல்ல டி-டைமர், சிஆர்பி. 2021 கோவிட் ரெண்டாவது அலைல, நம்ம ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல எல்லாம் இந்த ரெண்டு பேரும்தானே ஓடிச்சு? அதேதான். ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி கரையும்போது விழுற துண்டுதான் டி-டைமர். புழு இருக்குற ரத்தக் குழாயோட உள்சுவர் தடிச்சு, சொரசொரப்பாகி, அங்க ரத்தம் உறையும். புழு செத்தா அதோட துண்டுகள் நுரையீரல் குழாயை அடைக்கும். அப்போ இந்த நம்பர் ஏறும். சிஆர்பி பொதுவான அழற்சியோட அளவு. எங்கேயோ எரியுதுன்னு சொல்லும், எங்கேன்னு சொல்லாது.

மூணாவது ட்ரோபோனின் ஐ. எங்க அப்பாவுக்கு ஒரு தடவை நெஞ்சு வலி வந்தப்போ, சில மணி நேரம் விட்டு ரெண்டு தடவை எடுத்தாங்களே, அதே டெஸ்ட். இதயத் தசை செல் அடிபட்டா உள்ள இருக்குற இந்தப் புரதம் ரத்தத்துல கசியும். நாலாவது என்டி-ப்ரோபிஎன்பி. இதயச் சுவர் பாரம் தாங்காம இழுபடும்போது வெளியிடுற ஹார்மோனோட ஒரு துண்டு. நாய்ல பொதுவா லிட்டருக்கு 900 பிகோமோலுக்குக் கீழ இருந்தா நிம்மதி, 1800-க்கு மேல போனா இதயத்தைக் கவனமா பாக்கணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஆனா சிறுநீரகம் சரியில்லன்னாலும் ஏறும், இனத்துக்கு இனம் மாறும், ஒரே நாய்க்கே நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும்.

சுக்குவுக்கு ட்ரோபோனின் லேசா அதிகம். டி-டைமர் கொஞ்சம் அதிகம். என்டி-ப்ரோபிஎன்பி 1400-ஐத் தாண்டி இருந்துச்சு. எக்கோல நுரையீரல் ரத்தக் குழாய்ல அழுத்தம் கூடியிருந்துச்சு.

நான் ஃபோன்ல ஸ்ப்ரெட்ஷீட் போட ஆரம்பிச்சுட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டு சொன்னாங்க: "நல்லது. ஆனா ஒரு நம்பரைப் பாத்து முடிவு எடுக்காதே. இதெல்லாம் இன்னிக்கு எடுத்து வெக்குறது, பின்னாடி ஒப்பிட ஒரு அடிப்படை வேணும்ங்குறதுக்காக." சர்வர் மானிட்டர் பண்றவங்களுக்கு இது புரியும். சிபியு 70 சதவீதம்னு ஒரு அலெர்ட் வந்தா, அது வழக்கமா 65-ல ஓடுற மெஷினா, 10-ல ஓடுற மெஷினான்னு தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

பாஷாணம்

சிகிச்சை மருந்து மெலார்சோமின். ஆர்செனிக் சேர்ந்த மருந்து. நம்ம பாஷைல பாஷாணம். முதுகுத் தசைல ஆழமா ஊசி. அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி வழிமுறைப்படி முதல்ல 28 நாள் டாக்சிசைக்ளின். புழுவுக்கு உள்ளயே வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா வாழுது, அது இல்லாம புழு பலவீனமாயிடும். கூடவே மாசாமாசம் தடுப்பு மருந்து. ரெண்டு மாசம் ஆனதும் ஒரு ஊசி. 90, 91-வது நாள் அடுத்தடுத்து ரெண்டு ஊசி.

ரூம்மேட் இணையத்துல தேடி ஒரு குறுக்கு வழி கொண்டு வந்தான்: ஊசியே வேண்டாம், மாத்திரையை மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா புழு தானா சாகுமாம். செலவும் கம்மி. டாக்டரம்மா கோபப்படல. ஊசி போட வழியே இல்லாத நாய்க்கு அதுவும் ஒரு வழிதான்னாங்க. ஆனா அதுல புழு சாக ஒரு வருஷத்துக்கும் மேல ஆகலாம், அதுவரைக்கும் குழாய் கெட்டுக்கிட்டே இருக்கும்னாங்க.

ஊருக்கு ஃபோன் பண்ணப்போ அம்மா செலவு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "நாய்க்கா?"ன்னாங்க. அப்புறம் அவங்களே, "சரி, கூட்டிட்டு வந்துட்ட. பாதில விட முடியாது. பாத்துக்க"ன்னாங்க.

இந்த சிகிச்சைல கஷ்டமானது ஊசி இல்ல, ஓய்வு. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது. ஓடினா இதயம் வேகமா அடிக்கும், செத்த புழுத் துண்டு நுரையீரலுக்குள்ள ஆழமாப் போய் அடைக்கும். ஜூலை 4 ராத்திரி ஊரே வாணவேடிக்கை விடுது, நான் பாத்ரூம்ல ஃபேனை ஃபுல்லா வெச்சுக்கிட்டு அவனை மடியில போட்டு உக்காந்திருந்தேன். மூணு மாசம் எபிசோட் வராததுக்குக் காரணம் இதுதான். நான் மைக் முன்னாடி பேச ஆரம்பிச்சாலே, தன்கிட்டதான் பேசுறேன்னு நினைச்சு எழுந்து ஆட ஆரம்பிச்சுடுவான்.

ஆகஸ்ட் 15 ராத்திரி

கடைசி ரெண்டு ஊசி ஆகஸ்ட் 6, 7-ல போட்டாங்க. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள்லதான் ஆபத்து அதிகம், ஒரு மாசம் வரைக்கும் கவனமா இருன்னு சொல்லியிருந்தாங்க. 15-ம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு இருமல். விளக்கைப் போட்டா, தரையில துளித் துளியா ரத்தம். உடம்பு கொதிச்சுது. மூச்சு வாங்குது.

எமர்ஜென்சிக்கு ஓடினோம். அங்க இருந்தது வேற டாக்டர். எக்ஸ்ரே எடுத்தாங்க, டி-டைமரும் சிஆர்பியும் பாத்தாங்க. டி-டைமர் அதிகம்னாங்க. நான் ஃபோனை நீட்டினேன்: மே மாச நம்பர், முதல் ஊசிக்கு முந்தின நாள் நம்பர். இன்னிக்கு வந்தது அதைவிடப் பல மடங்கு. சிஆர்பியும் அப்படியே எகிறியிருந்துச்சு. அந்த டாக்டர் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனைப் பாத்துட்டு சொன்னார்: "இது மட்டும் இருந்தா நான் நம்ப மாட்டேன். ஆனா எக்ஸ்ரே, காய்ச்சல், ஊசி போட்டு எட்டு நாள், இந்த ஏற்றம், எல்லாம் ஒரே பக்கம் காட்டுது." செத்த புழு நுரையீரல் குழாயை அடைச்சிருக்கு. ஸ்டீராய்டு, ஆக்சிஜன் கூண்டு, ரெண்டு ராத்திரி.

கூண்டுக்கு வெளிய உக்காந்து கண்ணாடி வழியா அவன் விலா ஏறி இறங்குறதை எண்ணிக்கிட்டு இருந்தேன். அந்த ரெண்டு ராத்திரி என்கிட்ட இருந்த ஒரே மார்க்கர் அதுதான். நிமிஷத்துக்கு 60. விடியக்காலைல 48. மறுநாள் ராத்திரி 32.

காத்திருக்கச் சொல்ற டெஸ்ட்

செப்டம்பர்ல மைக்ரோஃபைலேரியா டெஸ்ட்: இல்ல. எனக்குத் தலைகால் புரியல. உடனே ஆன்டிஜெனும் எடுங்கன்னு கேட்டேன். டாக்டரம்மா மறுத்துட்டாங்க. புழு செத்தாலும் அதோட புரதம் ரத்தத்துல இருந்து போக மாசக்கணக்காகும். இப்போ பாசிட்டிவ் வந்தா, உயிரோட இருக்குற புழுவா, செத்த புழுவோட மிச்சமான்னு சொல்ல முடியாது. பதில் தெரியாத டெஸ்ட்டுக்கு உன் காசையும் தூக்கத்தையும் ஏன் கெடுத்துக்கணும்னாங்க. கடைசி ஊசில இருந்து ஒன்பது மாசம் கழிச்சுதான் எடுக்கணும்.

2024 மே. கோடு வரல. நெகட்டிவ். இந்தத் தடவை கீழ இருந்த வரியையும் படிச்சேன்.

அதே நாள் மத்த மார்க்கர்களும் எடுத்தாங்க. டி-டைமர், சிஆர்பி, ட்ரோபோனின் மூணும் வழக்கமான அளவுக்கு வந்துடுச்சு. என்டி-ப்ரோபிஎன்பி இறங்கியிருக்கு, ஆனா 900-க்குக் கீழ வரல. எக்கோல அழுத்தம் குறைஞ்சிருக்கு, முழுசாப் போகல. ஸ்பெயினோட கிரான் கனாரியா தீவுல இந்த நோய் ரொம்பப் பரவலா இருக்கு. அங்க இருக்குற பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதயப் புழு நாய்கள்ல இந்த மார்க்கர்களைப் பல வருஷமா ஆராயுறாங்க. புழு போன பிறகும் நெறைய நாய்க்கு நுரையீரல் அழுத்தம் போகாம நிக்குதுன்னு அவங்க காட்டியிருக்காங்க. புழு போயிடுச்சாங்குறது ஒரு கேள்வி. அது பண்ணின சேதம் போயிடுச்சாங்குறது வேற கேள்வி. சுக்குவுக்கு முதலாவதுக்குப் பதில் 'ஆமா'. ரெண்டாவதுக்குப் பதில் 'கொஞ்சம்'.

நம்ம ஊர்ல?

சென்னைல, மதுரைல, கோயம்புத்தூர்ல நாய் வளக்குறவங்களுக்கு: இந்தியாவுல இந்த இதயப் புழு முக்கியமா வடகிழக்கு மாநிலங்கள்ல பதிவாகியிருக்கு. தெற்குல, குறிப்பா கேரளா பக்கம், இதோட சொந்தக்காரன் டைரோஃபைலேரியா ரெபன்ஸ் அதிகம். அது தோலுக்கு அடியில வாழும். அபூர்வமா மனுஷங்க கண்ணுல இருந்துகூட எடுத்திருக்காங்க. ரெண்டோட குஞ்சும் மைக்ராஸ்கோப்ல கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி இருக்கும். அதனால ஸ்லைடுல மைக்ரோஃபைலேரியா தெரிஞ்ச உடனே இதயப் புழுன்னு பயந்து ஆர்செனிக் ஊசிக்கு ஓடாதீங்க. எந்த வகைன்னு உறுதி பண்ணச் சொல்லுங்க.

மூணே விஷயம் சொல்லி முடிச்சுக்குறேன். ஒண்ணு, தத்தெடுத்த நாய்க்கு முதல் டெஸ்ட் நெகட்டிவ்னாலும் ஆறு மாசத்துல மறுபடி எடுங்க. ரெண்டு, மாத்திரை அலாரத்தை ஸ்வைப் பண்ணாதீங்க. மாத்திரையைக் குடுத்துட்டு அணைங்க. மூணு, ரிப்போர்ட்டை எல்லாம் தேதி போட்டு ஒரே இடத்துல வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களைத் தெரியாத ஒரு டாக்டருக்கு அது தேவைப்படலாம்.

நான் டாக்டர் இல்ல, ஜாவா எழுதுற ஆள். மருந்து விஷயம் எதையும் என்னை நம்பிப் பண்ணாதீங்க, உங்க கால்நடை மருத்துவர்கிட்ட கேளுங்க.

சுக்கு இப்போ பந்து எடுக்க மூணு தடவை ஓடுவான். நாலாவது தடவை நானே போய் எடுத்துட்டு வந்துடுவேன். குறட்டை நின்னுடுச்சு பாருங்க, முழிச்சுட்டான். இனி பேச விட மாட்டான். அடுத்த எபிசோட்ல பாப்போம்.